சீரம் விடாத குழாய்

ஜனவரி 19, ஞாயிறு

மருந்துக் கம்பெனிக்காரன் கொடுத்த டைரி. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஒரு சத்து மாத்திரையின் பெயர். எடைக்குப் போடுவதற்குப் பதில் எழுதிப் பார்க்கலாம் என்று தொடங்குகிறேன்.

பொங்கல் கிரிக்கெட். எங்கள் கருத்தரிப்பு மையத்துக்கும் பக்கத்து ஸ்கேன் சென்டருக்கும். இடுப்புக்குக் கீழே மாட்டும் கார்டை எங்கோ வைத்துவிட்டுத் தேடிக்கொண்டிருந்தார்கள். அதற்கெல்லாம் காத்திருக்க முடியாது என்று அது இல்லாமலே இறங்கினேன். நான்காவது பந்து பட்டது. பட்ட இடத்தை எழுத வேண்டியதில்லை. தோற்றோம்.

ஜனவரி 22, புதன்

இரண்டு நாள் லீவு. காய்ச்சல் என்று சொல்லியிருக்கிறேன். ஈரோட்டில் இந்தப் பிரிவில் இருக்கும் டாக்டர் எல்லாருக்கும் என்னைத் தெரியும், எவரிடம் போய்க் காட்டுவது. ஐஸ் கட்டியும் வலி மாத்திரையும் போதும். வீக்கம் பாதி வடிந்துவிட்டது. வீட்டில் பிரவீணா தினமும் டாக்டரிடம் போகச் சொன்னாள். போகவில்லை.

பிப்ரவரி 10, திங்கள்

லேபில் வேலை குவிந்துவிட்டது. இன்று ஆன்டிபாடி டெஸ்ட்.

சில பெண்களின் ரத்தத்தில் விந்தணுவுக்கு எதிரான ஆன்டிபாடி இருக்கும். கிருமி நுழைந்தால் உடம்பு எப்படிப் பிடிக்குமோ, அப்படிக் கணவனின் அணுவையும் பிடித்துவிடும். அதைக் கண்டுபிடிக்கும் வழி சுலபம். பெண்ணின் ரத்தத்திலிருந்து தெளிந்த நீரான சீரத்தைப் பிரித்து, நல்ல ஆரோக்கியமான ஓர் ஆளின் விந்தணுவோடு ஒரு மணி நேரம் வைக்க வேண்டும். கழுவிவிட்டு பீட்ஸ் சேர்க்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத பிளாஸ்டிக் உருண்டைகள் அவை. ஆன்டிபாடி இருந்தால் உருண்டைகள் அணுவின் மேல் ஒட்டும். நூறு அணுவை எண்ணி, எத்தனை உருண்டையை இழுத்துக்கொண்டு ஓடுகிறது என்று பார்த்தால் முடிந்தது.

'நல்ல ஆரோக்கியமான ஆள்' நான்தான். முன்பு ஒரு பார்மசி மாணவன் வந்துகொண்டிருந்தான். படிப்பு முடிந்து பெங்களூர் போய்விட்டான். போன ஆகஸ்டிலிருந்து என்னுடையதையே பயன்படுத்துகிறேன். எண்ணிக்கை, ஓட்டம், வடிவம் எல்லாம் முதல் தரம். எங்கிருந்து வருகிறது என்று மேடம், அதாவது டாக்டர் மரகதவல்லி, ஒருநாளும் கேட்டதில்லை. ரெஜினா சிஸ்டருக்கு மட்டும் தெரியும். ரத்தம் எடுப்பதும் தம்பதிகளுக்கு விளக்கம் சொல்வதும் அவர்தான். நாசரேத்துக்காரர். ஐம்பத்து நான்கு வயது. வாய் அடங்காது.

ஒவ்வொரு முறையும் சீரம் விடாத குழாய் ஒன்றையும் போட வேண்டும் என்பது விதி. என் அணு, பீட்ஸ், அவ்வளவுதான். அதில் எதுவும் ஒட்டக் கூடாது. ஆறு மாதமாகப் போட்டேன், ஆறு மாதமாகச் சைபர். பீட்ஸ் குப்பி தீர்ந்துகொண்டிருக்கிறது, சென்னையிலிருந்து புதிது வரக் காணோம். எப்போதும் சைபரே வரும் ஒன்றை எதற்கு உட்கார்ந்து எண்ண வேண்டும். இன்று விட்டுவிட்டேன். நாற்பது நிமிடம் மிச்சம்.

முதல் சீரம் கோகிலவாணி என்ற பெண்ணுடையது. வயது இருபத்தொன்பது. எழுபத்திரண்டு சதவீதம் ஒட்டல். போன வருடம் முழுக்கச் செய்ததில் இரண்டே பாசிட்டிவ், அதுவும் ஐம்பதைத் தொட்டதில்லை. எழுந்து நின்று இன்னொரு தடவை பார்த்தேன்.

பிப்ரவரி 12, புதன்

அந்தப் பெண்ணும் கணவனும் வந்தார்கள். மொடக்குறிச்சிப் பக்கம். கணவன் லோகநாதனுக்கு மஞ்சள் மண்டி, விரலிடுக்கெல்லாம் மஞ்சள். கல்யாணமாகி ஆறு வருடம், இருவருக்கும் எல்லா டெஸ்டும் நார்மல், காரணம் தெரியவில்லை என்று மூன்று இடங்களில் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். மேடம் மாத்திரை எழுதிவிட்டு, விளக்கத்துக்கு என்னிடம் அனுப்பினார். ரெஜினா சிஸ்டர் லீவு.

எனக்குச் சுற்றி வளைக்க வராது. உங்கள் உடம்பு அவருடைய அணுவை அந்நியன் என்று நினைத்துப் பிடித்துவிடுகிறது, அதுதான் குழந்தை நிற்கவில்லை என்றேன்.

அந்தப் பெண் தன் கையைத் திருப்பிப் பார்த்தாள். பிறகு சிரித்தாள்.

"எங்க மாமியா எனக்கு வாய்லதான் வெசம்னு சொல்லீட்டு இருந்துச்சுங். நீங்க பரவால்லீங், எடத்தக் கரெக்டாச் சொல்லீட்டீங்."

நானும் சிரித்துவிட்டேன். லோகநாதன் சிரிக்கவில்லை. எழுந்து போகும்போது அவள் குரலைத் தாழ்த்தி ஒன்று கேட்டாள்.

"அவருக்கு ஒண்ணும் ஆகாதுங்ளே சார்? என்னைத் தொட்டா?"

ஆகாது என்றேன். அடுத்த தம்பதி காத்துக்கொண்டிருந்தார்கள்.

மாத்திரை ஸ்டீராய்டு. காலையில் நான்கு, மாலையில் நான்கு, மூன்று மாதம். உடம்பின் எதிர்ப்பை அடக்கி வைக்கும். அதுவரை ஆணுறை. ஏப்ரல் 21 ரிவ்யூ.

மார்ச் 3, திங்கள்

இதுவரை ஐந்து பேர். ஐந்தும் பாசிட்டிவ். 72, 68, 75, 70, 81. மேடம் யாரைச் சந்தேகப்பட்டு அனுப்புகிறாரோ அவர்களுக்கெல்லாம் இருக்கிறது. அவருக்குப் பெருமை. நம் பக்கத்துப் பெண்களுக்கு இது அதிகம் போலிருக்கிறது, கட்டுரை எழுதலாம், முதல் பெயர் உன்னுடையதாக இருக்கட்டும் என்றார். தலைப்பைக்கூட யோசித்து வைத்திருக்கிறேன்.

ரெஜினா சிஸ்டர் சும்மா இருப்பாரா. "ஊர்ல உள்ள பொம்பளையெல்லாம் சேந்து ஒன்னைய வேண்டாங்குதாவளே தம்பி. அப்படி என்ன செஞ்ச?"

என் சாம்பிளில் இன்று அணுக்கள் ஒன்றோடொன்று கொஞ்சம் ஒட்டிக் கிடந்தன. வெயில் ஆரம்பித்துவிட்டது. ஏ.சி.யைச் சரிபார்க்கச் சொல்ல வேண்டும்.

மார்ச் 9, ஞாயிறு

வண்டி சர்வீஸ். கேஸ் புக் செய்தேன். பிரவீணா மறுபடி அதே பேச்சு. கல்யாணமாகி இரண்டு வருடம் ஆகிறது, எனக்கும் ஏதாவது பார்க்கலாமே என்றாள். அவள் மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் எடுக்கிறாள். எதையும் பார்த்துவிட வேண்டும் அவளுக்கு. உங்களுக்கும் பார்க்கலாம் என்று அடுத்தது. நான் என்னுடையதை வாரா வாரம் மைக்ரோஸ்கோப்பில் பார்க்கிறவன். தமிழ்நாட்டில் எத்தனை ஆணுக்கு அந்தத் தைரியம் உண்டு என்றேன்.

"என்ன பாக்கறீங்க வாரா வாரம்?"

எண்ணிக்கை, ஓட்டம், வடிவம்.

"அது மட்டுமா?"

வேறென்ன வேண்டும்.

மார்ச் 21, வெள்ளி

பிரவீணாவின் ரத்தத்தை நேற்று ரெஜினா சிஸ்டர் எடுத்தார். இன்று முடிவு. எழுபத்தொன்பது.

இரண்டு முறை எண்ணினேன். வீட்டுக்கு வந்ததும் சொல்லிவிட்டேன், ஒத்திப்போடுவதில் அர்த்தமில்லை. அவள் அப்போது வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். உரித்து முடித்துவிட்டுத்தான் எழுந்தாள். மாத்திரையை மேஜையில் வைத்தேன். நாளையிலிருந்து.

ஆக ஆறு பேர்.

மார்ச் 30, ஞாயிறு

பெரிய மாரியம்மன் திருவிழா. கோயில் முன் நட்ட கம்பத்துக்கு மஞ்சள் தண்ணீர் ஊற்ற விடியற்காலையிலிருந்து பெண்கள் வரிசை. பைக்கைத் தெருவுக்குள் கொண்டுபோக முடியவில்லை, அரை மணி நேரம் வீண். பிரவீணாவின் முகம் வீங்க ஆரம்பித்திருக்கிறது. மாத்திரையினால்தான். பள்ளியில் நல்ல செய்தியா என்று கேட்கிறார்களாம்.

ஏப்ரல் 2, புதன்

கோகிலவாணி ரத்த அழுத்தம் பார்க்க வந்திருந்தாள். அடையாளம் தெரியவில்லை. முகம் வட்டத் தட்டு மாதிரி ஆகியிருக்கிறது. மாமியாரும் கூட வந்திருந்தார். வரவேற்பறையில் எல்லாருக்கும் கேட்கும்படி, எம் பையனோட வித்த இவ ஒடம்பு கொன்னு போடுதாமா என்று பக்கத்திலிருந்த பெண்ணிடம் சொல்லிக்கொண்டிருந்தார். கோகிலவாணி சுவரில் இருந்த குழந்தைப் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

என்னைக் கண்டதும், மாத்திரை ஒரு வேளைகூடத் தவறவில்லை என்று சொன்னாள். நான் கேட்கவே இல்லை.

ஏப்ரல் 6, ஞாயிறு

நாளை விடைத்தாள் திருத்தும் முகாம். பிரவீணா சிவப்புப் பேனாக்களை எடுத்து வைத்துக்கொண்டே, அந்த டெஸ்டை எப்படிச் செய்கிறீர்கள் என்று கேட்டாள். பழைய வினாத்தாளின் பின்பக்கத்தில் படம் போட்டுக் காட்டினேன். சீரம், அணு, பீட்ஸ். அவள் பேனாவால் ஒவ்வொரு குழாயாகத் தொட்டுப் பார்த்தாள்.

"சீரம் விடாத ஒண்ணு இருக்கணுமே."

இருக்கும் என்றேன்.

"போட்டீங்களா?"

"அது எப்பவும் சைபர்தான் வரும்."

"எப்பவும்னா? கடைசியா எப்போ?"

வினாத்தாளை மடித்தேன். "ப்ளாங்க் போடாம ரீடிங் எழுதுனா ப்ளஸ் டூ பசங்களுக்கே நான் மார்க் போட மாட்டேன்" என்றாள். நீ பள்ளிக்கூடத்தில் உப்பைக் கரைக்கிறாய், நான் செய்வது வேறு என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. காலண்டரில் தேதி கிழிக்காமல் இருந்தது, கிழித்தேன்.

ஏப்ரல் 8, செவ்வாய்

போட்டேன்.

சீரம் இல்லை. என் அணு, பீட்ஸ். எண்பத்தொன்று.

ஸ்லைடு அழுக்கு என்று வேறு ஸ்லைடில் போட்டேன். எழுபத்தொன்பது. உருண்டைகளைத் தலையிலும் வாலிலும் ஒட்டவைத்துக்கொண்டு, சுமை தூக்கிகள் மாதிரி ஓடிக்கொண்டிருக்கின்றன. பீட்ஸ் கெட்டுப்போயிருக்கலாம் என்று நினைத்து, காலையில் வந்த ஒரு சாம்பிளில் மீந்ததை எடுத்துப் போட்டேன். அதில் ஒன்றுமே ஒட்டவில்லை. பீட்ஸ் நன்றாகத்தான் இருக்கிறது.

ஃப்ரீசரில் ஆறு பேரின் சீரமும் மீதி இருந்தது. அந்த வேற்று ஆளின் அணுவோடு ஆறையும் வைத்தேன். மதியம் சாப்பிடவில்லை.

கோகிலவாணி இரண்டு. மற்றவர்கள் சைபர், ஒன்று, சைபர், மூன்று. பிரவீணா சைபர்.

ஆன்டிபாடி இருப்பது எனக்கு. அடிபட்டால் ஆணின் உடம்பே தன் அணுவுக்கு எதிராகத் திரும்பலாம். இரண்டாம் செமஸ்டரில் படித்தது. பரீட்சையிலும் எழுதினேன், பத்துக்கு ஒன்பது. ஜனவரி வரை சைபர் வந்ததும் சரி. பிப்ரவரியில் நான் குழாயை நிறுத்தியபோதுதான் அது பேச ஆரம்பித்திருக்கிறது.

ஏப்ரல் 9, புதன்

காலை எட்டு மணிக்கு மேடத்தின் அறைக்குப் போய்ச் சொன்னேன். எதையும் மறைக்கவில்லை, என்னுடையது என்பதையும் சொன்னேன். அவர் பேனாவை மூடினார், திறந்தார். கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. இந்த டெஸ்டை நிறுத்திவிடு, லாக் புத்தகத்தில் எதையும் திருத்தாதே என்றார்.

ஐந்து பேருக்கும் இன்றே போன் செய்யலாம் என்றேன். வேண்டாம் என்றார். இந்த மாத்திரையை ஒரே நாளில் நிறுத்தக் கூடாது. இரண்டு மாதமாகச் சாப்பிடுகிறவர்களின் உடம்பு தானாகச் சுரக்க வேண்டியதை மறந்து போயிருக்கும். போனில் சொன்னால் பயந்து போய்த் தூக்கி எறிந்துவிடுவார்கள். ரிவ்யூவுக்கு வரும்போது நேரில் சொல்லிப் படிப்படியாகக் குறைக்கலாம். 21ஆம் தேதி என்ன, பன்னிரண்டு நாள்தானே.

அதில் நியாயம் இருக்கிறது. யோசித்துப் பார்த்தால் சரியாகத்தான் படுகிறது.

பிரவீணாவுக்கு இன்றிலிருந்து ஏழு மாத்திரை. கோர்ஸ் முடியப் போகிறது, குறைக்க வேண்டும் என்று சொன்னேன். மறக்காமல் இருக்க அட்டையின் மேலேயே பேனாவால் தேதி எழுதிக் கொடுத்தேன்.

ஏப்ரல் 12, சனி

பிரவீணாவுக்கு ஆறு. குடிதண்ணீர் கேன் வந்தது. ஷூ தைக்கக் கொடுத்தேன்.

ஏப்ரல் 14, திங்கள்

சித்திரை ஒன்று. லீவு. வேப்பம்பூ ரசம், மாங்காய்ப் பச்சடி. பிரவீணாவின் கன்னம் வடிந்துகொண்டு வருகிறது. கோர்ஸ் இருபது நாளில் முடியுமா, அந்தப் பெண்ணுக்கு மூன்று மாதம் என்றீர்களே என்று கேட்டாள். ஆளுக்கு ஆள் மாறும் என்றேன்.

ஏப்ரல் 15, செவ்வாய்

ஐந்து.

ஏப்ரல் 16, புதன்

ரெஜினா சிஸ்டர் லேபுக்கு வந்தார். எப்போதும் கதவிலிருந்தே கத்துகிறவர், உள்ளே வந்து கதவைச் சாத்தினார். ரிவ்யூவை ஞாபகப்படுத்தக் கோகிலவாணிக்குப் போன் செய்திருக்கிறார். மாமியார் எடுத்திருக்கிறார். அம்மை போட்டிருக்கிறது, மூன்று நாளாகிறது, வேப்பிலை கட்டியாயிற்று. வீட்டில் மாத்திரை, ஊசி என்ற பேச்சே கூடாது என்று எல்லாவற்றையும் எடுத்து மச்சில் போட்டுவிட்டார்களாம்.

"அம்மைக்கு மருந்து குடுக்காம வைக்கது நம்ம வீட்டுலயும் உள்ளதுதான். ஆனா இது வேறயில்லா தம்பி. எட்டு மாத்திரை திங்க பிள்ளைக்கு ஒரே நாள்ல நிறுத்திப்போட்டாவ. நீ படிச்சவன், சொல்லு. என்ன ஆகும்?"

அவருக்கே தெரியும். ஸ்டீராய்டு எடுக்கிற உடம்பில் அம்மை தோலோடு நிற்காது, நுரையீரலுக்குப் போகும். அதோடு மாத்திரையையும் சட்டென்று நிறுத்தினால் ரத்த அழுத்தம் விழும்.

மேடம் ஹைதராபாத்தில் மாநாட்டில் இருக்கிறார். போன் செய்தேன், உடனே அட்மிட் செய்யச் சொல் என்றார். மற்றதைப் பற்றி இப்போது எதுவும் வேண்டாம், குழப்பாதே என்றும் சொன்னார்.

ஏப்ரல் 17, வியாழன்

லேபுக்கு லீவு சொல்லிவிட்டு மொடக்குறிச்சி போனேன். பதினோரு மணிக்கே தார் இளகுகிற வெயில். தோட்டத்து வீடு. வாசலில் வேப்பிலைக் கொத்து, மஞ்சள் தெளித்த தண்ணீர் காய்ந்து தரையெல்லாம் கறை. மாமியார் கேட்டிலேயே நிறுத்திவிட்டார்.

"ஏனுங் தம்பி, ஆத்தா வந்திருக்கற ஊட்டுக்குள்ள பூட்ஸு காலோட வாரீங்களே."

வரவில்லை, இங்கேயே நின்று பேசுகிறேன் என்றேன். லோகநாதன் ஈர வேட்டியோடு பின்னால் வந்து நின்றான். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள், மாத்திரையை நிறுத்தியது ஆபத்து என்று நேராகச் சொன்னேன். இரண்டு தடவை சொன்னேன்.

"அந்த மாத்தர கொழந்தைக்குத்தானுங்க சார்?" என்றான் அவன். "கொழந்தைய அப்பறம் பாத்துக்கலாமுங்க. அவ எந்திரிக்கட்டும். மூணாந் தண்ணி ஊத்தீட்டு நாங்களே கூட்டீட்டு வாரமுங்க."

உள்ளே கோகிலவாணி இருமினாள். வறட்டு இருமல். நடுவே நின்று நின்று மறுபடி. அந்த இருமலைக் கேட்டுவிட்டு நான் திரும்பி வந்திருக்கக் கூடாது. அப்போது சொல்லியிருக்க ஒரு வாக்கியம் இருந்தது. டெஸ்ட் தப்பு, உங்கள் மருமகளுக்கு ஒன்றும் இல்லை, இந்த மாத்திரையை அவளுக்குக் கொடுத்ததே நாங்கள் செய்த தப்பு, அந்தத் தப்பினால்தான் இப்போது இவள் உயிருக்கு ஆபத்து. அதைச் சொல்லியிருந்தால் கோபத்திலாவது என்னோடு வண்டியில் ஏறியிருப்பார்கள். மற்றதைக் குழப்பாதே என்று மேடம் சொல்லியிருந்தார்.

ஜன்னலுக்குப் பின்னாலிருந்து அவள் குரல் வந்தது. ஆளைப் பார்க்கவில்லை.

"லேப் சாருங்களா? சார், ரத்தத்துல அதுக கொறஞ்சிருச்சுங்களா?"

"கொறஞ்சிருச்சுங்க" என்றேன்.

"மாமா, கேட்டீங்ளா?" என்றாள். அதற்குள் மறுபடி இருமல் வந்துவிட்டது.

வரும் வழியில் பெட்ரோல் போட்டேன்.

ஏப்ரல் 18, வெள்ளி

பிரவீணாவுக்கு நான்கு.

ஏப்ரல் 19, சனி

காலையில் மூச்சு வாங்கிக் கோயம்புத்தூருக்குக் கொண்டு போயிருக்கிறார்கள். ரெஜினா சிஸ்டர் சொன்னார். நாளை ஈஸ்டர், அவர் ஊருக்குப் போகவில்லை.

ஏப்ரல் 21, திங்கள்

ரிவ்யூ பட்டியலில் மூன்றாவது பெயர் கோகிலவாணி. கோப்பு மேஜைக்கு வந்துவிட்டது. பத்தரைக்கு ரெஜினா சிஸ்டர் வந்து அதை மட்டும் எடுத்துக்கொண்டு போனார். கோயம்புத்தூரில், விடியற்காலை ஐந்தேகாலுக்கு.

மற்ற நான்கு பேருக்கும் மேடம் மாத்திரையைக் குறைத்து எழுதினார். புது முறை வந்திருக்கிறது, இது இனி தேவையில்லை என்று சொன்னார். நால்வரும் கும்பிட்டுவிட்டுப் போனார்கள்.

பிரவீணாவுக்கு மூன்று.

ஏப்ரல் 28, திங்கள்

லோகநாதன் வந்தான். மொட்டை அடித்திருந்தான். மேடத்தைப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தான், ரிப்போர்ட்டின் நகல் கொடுக்கச் சொல்லி மேடத்தின் சீட்டு.

எதற்கு என்று கேட்டேன். மேடம் கேட்கச் சொல்லவில்லை, நானாகக் கேட்டேன்.

"அவ அண்ணன் ஊரெல்லாம் எங்க மேல பழி சொல்லீட்டுத் திரியறானுங்க. நாங்க பாக்காம உட்டுட்டமாமா. அவ ஒடம்புல மொதல்லயே கோளாறு இருந்துச்சுன்னு ஒரு காயிதம் இருந்தா, பெரியவங்க முன்னால வெச்சரலாமுங்க."

பிரிண்ட் எடுத்தேன். கோகிலவாணி, வயது 29, எழுபத்திரண்டு சதவீதம், பாசிட்டிவ், கீழே என் கையெழுத்து. மெஷினிலிருந்து வரும்போது தாள் சூடாக இருந்தது. கொடுத்தேன். வாங்கினான். மடிக்கப் போனான்.

கொஞ்சம் உள்ளே வாங்க என்றேன்.

செருப்பைக் கழற்றச் சொல்லி, கோட்டு மாட்டிவிட்டு, லேபுக்குள் அழைத்துப் போனேன். நோயாளியின் வீட்டார் யாரும் அங்கே வரக் கூடாது. காலையில் எடுத்த சாம்பிள் இருந்தது. ஒவ்வொரு திங்களும் எதற்கு இன்னும் எடுக்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை. அதில் பீட்ஸ் சேர்த்து ஸ்லைடு போட்டு, அவனை ஸ்டூலில் உட்காரவைத்தேன். ஒரு கண்ணை எப்படி மூடுவது என்று அவனுக்குத் தெரியவில்லை. இரண்டாலும் பார்க்கலாம் என்றேன்.

ரொம்ப நேரம் பார்த்தான்.

"இதுக ஏனுங் இப்புடி உருண்டைய இழுத்துட்டுத் திரியுது?"

"ஆன்டிபாடி இருந்தா அப்படித்தான் ஒட்டும். எழுபத்திரண்டுன்னு அந்தத் தாள்ல இருக்கே, அது இதத்தான் எண்ணுனது."

"இது யாருதுங்க?"

"என்னுது."

தலையைத் தூக்காமலே கேட்டான். "அவ ரத்தம் இதுல எங்கீங்க?"

"இல்லீங்க. இதுல ரத்தமே விடல. விடாமயே இப்படித்தான் வருது. அவங்க ரத்தத்துல ஒண்ணும் இல்ல. எப்பவும் இருந்ததில்ல. அது எனக்கு இருக்கறது. நான் சரிபாக்காம விட்டுட்டேன்."

அடிப்பான் என்று நினைத்தேன். லென்ஸின் மேல் கண்ணை வைத்தபடியே இருந்தான். மூலையில் சென்ட்ரிஃப்யூஜ் மெஷின் ஓடி நின்றது.

"மேடம் ஒற போட்டுக்கச் சொன்னாங்க. எங்கம்மா அது கூட வேண்டாம்னாங்க. ரெண்டு மாசம் பாயத் தனியாப் போட்டுப் படுத்தனுங்க. அவளும் ஒண்ணுஞ் சொல்லுல. எனக்கு ஏதாச்சும் ஆயிருமோன்னு அவளுக்குத்தான் பயம், அவளே பாய நவுத்திப் போட்டுக்குவா."

தாளை மேஜையில் வைத்துவிட்டுப் போனான். கோட்டைக் கழற்ற மறந்து ரோடு வரைக்கும் போய், திரும்பி வந்து வாட்ச்மேனிடம் கொடுத்திருக்கிறான்.

அவன் போனபிறகு லாக் புத்தகத்தை எடுத்தேன். பிப்ரவரி பத்திலிருந்து சீரம் விடாத குழாய்க்கான கட்டம் எல்லாம் காலி. ஒவ்வொன்றிலும் சிவப்பு மையால் 'செய்யவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கீழே, அடிபட்ட தேதி. அதன் கீழே, ஏப்ரல் 8 முடிவுகள். புத்தகத்தை மேடத்தின் மேஜையில் திறந்தபடி வைத்துவிட்டு வந்தேன். மற்ற நான்கு பேருக்கும் நானே போன் செய்து சொன்னேன். ஒருத்தி திட்டினாள். ஒருத்தி அழுதாள். இரண்டு பேர் நன்றி சொன்னார்கள், அதைத்தான் கேட்க முடியவில்லை.

மாலையில் பிரவீணாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். எனக்கு இருப்பதை, அவளுக்கு இல்லாததை, மொடக்குறிச்சியை, லோகநாதனிடம் காட்டியதை. சொல்லி முடித்ததும் மூன்று வாரமாகத் தலையில் வைத்திருந்ததை இறக்கியது மாதிரி இருந்தது. அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

ஏப்ரல் 29, செவ்வாய்

காலையில் டிபன் தட்டுக்குப் பக்கத்தில் பிரவீணா மாத்திரை அட்டைகளை வைத்திருந்தாள். குப்பையில் போடாமல் எல்லாவற்றையும் சேர்த்து வைத்திருக்கிறாள். மேலே என் கையெழுத்து, நீல மை. ஏப்ரல் 9 ஏழு. 12 ஆறு. 15 ஐந்து. 18 நான்கு. 21 மூன்று.

முதல் தேதியின் மேல் விரலை வைத்தாள், மேடத்திடம் நான் சொன்ன அதே நாள்.

"மைக்ரோஸ்கோப்புல காட்டுனேன்னீங்களே. இத அவருகிட்ட காட்டுனீங்களா?"

காட்டவில்லை.